இரவல் சட்டத்தில் பிறந்த வண்டி

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், லேண்ட் ரோவரும் செய்யப்போகும் டாடா நிறுவனத்தின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து ஒரு புலம்பல் கேட்கிறது: இங்கே செய்தால் அது லேண்ட் ரோவரே இல்லையாம். புலம்புகிறவர்கள் அந்த வண்டியின் ஜாதகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. 1947இல் ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸின் ஆட்கள் செய்த முதல் மாதிரி, அமெரிக்க ஜீப்பின் சட்டத்தின்மேல் எழுந்தது. ஸ்டீயரிங் டிராக்டரில்போல நட்டநடுவில் இருந்தது. போருக்குப்பின் எஃகு ரேஷனில் கிடைத்ததால் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு. துருப்பிடிக்காத அந்தப் புகழே பற்றாக்குறை போட்ட பிச்சை. 1948 ஏப்ரலில் உலகம் அதை முதலில் பார்த்ததும் லண்டனில் அல்ல, ஆம்ஸ்டர்டாமில்.

“அந்த முதல் வண்டியின் வழிவந்த பழைய டிஃபெண்டரின் ஏணிச் சட்டம் போய்விட்டதே” என்பார்கள். உண்மைதான், கிராமத்து மெக்கானிக் ஸ்பேனரோடு படுத்துக் கழற்றிவிடக்கூடிய எளிமை அதோடு போனது, அது இழப்புதான். ஆனால் 2016 ஜனவரியில் அந்த வண்டியின் உற்பத்தி நின்றது இங்கிலாந்தின் சோலிஹல்லிலேயேதான். புது டிஃபெண்டர் உருவாவது ஸ்லோவாகியாவின் நித்ராவில். அப்போது எழாத தூய்மைவாதம் பனப்பாக்கம் என்றதும் ஏன் எழுகிறது?