புயல் மழை முன்னறிவிப்பும் குடியானவர் கணக்கும்

ஐப்பசி பிறந்துவிட்டால் கீழ்த்திசை வானத்தைப் பார்த்துக் கவலை கொள்ளாத குடியானவர் நம் நாட்டில் இரார். மழை பொய்த்தாலும் நஷ்டம். புயலாய் வந்து ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும் நஷ்டம். ஆயினும் அவர் செவிக்குப் பெரும்பாலும் எட்டுவது, "கனமழைக்கு வாய்ப்பு உண்டு" என்னும் ஒரு வாக்கியமே. அவ்வாய்ப்பு பத்தில் மூன்று பங்கா, எட்டுப் பங்கா என்பது அவருக்கு விளங்குவதில்லை. அதனை எண்ணாகவே கிராமந்தோறும் தெரிவித்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

இது கூடுமாவெனின், கூடும். இக்காலத்தில் பூமியின் பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம் இவற்றின் இன்றைய நிலையைக் கொண்டு நாளைய நிலையைக் கணிப்பொறியால் கணக்கிடுகின்றனர். இன்றைய நிலையைப் பிழையின்றி அளத்தல் எவர்க்கும் இயலாது. தொடக்கத்திலுள்ள அற்பப் பிழையும் நாளடைவில் பெரும் பிழையாகும் என்பதை அமெரிக்க அறிஞர் எட்வர்டு லோரன்ஸ் 1963-ல் எடுத்துக்காட்டினார். ஆதலின் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி, ஒரே கணக்கைப் பலமுறை போட்டுப் பார்க்கும் முறை ஏற்பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1992 முதல் இது வழக்கத்திலுள்ளது. நம் தேசத்தில் 12 கிலோமீட்டர் கட்டங்களில் 21 கணக்குகள் போடும் முறை 2018 ஜூன் மாதம் தொடங்கப்பெற்றது. 21-ல் 14 கணக்குகள் பெருமழை என்று கூறின், வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எனக் கொள்ளலாம்.

கட்டம் சிறிதாகச் சிறிதாக நன்மை மிகும். 12 கிலோமீட்டர் கட்டத்தினுள் பல கிராமங்கள் அடங்கும். ஓர் இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலமே உடையது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கணக்கு வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். எனினும் அச்செலவு வீண் செலவன்று.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் பட்ட துன்பத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையினும் இது மிகுதி. 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை யாவும் "அதி கனமழை" என ஒரே பெயரால் வழங்குகிறது. மடையைத் திறந்து வடித்துவிடக்கூடிய மழைக்கும், ஊரை விட்டே நீங்கவேண்டிய மழைக்கும் ஒரே சொல் போதுமா? கணக்குகளுள் மிகக் கொடியது எவ்வளவு கூறுகிறது என்பதும் அறிவிப்பில் இடம்பெறல் வேண்டும்.

குடியானவர்க்கு விகிதக் கணக்கு விளங்காது என்பர் சிலர். குத்தகையும் வாரமும் வட்டியும் கணக்கிடுபவர்க்கு இது அரிதன்று. வாழைக்கு முட்டுக் கொடுக்க 2,000 ரூபாய் ஆகும், கொடாவிடில் 10,000 ரூபாய் நஷ்டம் வரும் என்று வைத்துக்கொள்வோம். புயலுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால் முட்டுக் கொடுப்பதே லாபம். மேலுரம் இடுவதை இரண்டு நாள் ஒத்திவைப்பதில் செலவு சொற்பம். ஆதலின் அதற்குச் சிறு வாய்ப்பே போதும். முற்றாத கதிரை அறுப்பதோ பெருநஷ்டம். அதற்கு வாய்ப்பு மிக உறுதியாயிருத்தல் வேண்டும். ஆக, ஒரே எண்ணைக் கொண்டு அவரவர் தத்தம் பயிருக்கேற்ற முடிவு செய்யலாம்.

கணக்குகள் யாவும் ஒருங்கே தவறுவதும் உண்டு. ஆகவே கிராம அதிகாரிகள் முன்னறிவித்த எண்ணையும், மழைமானியில் அளந்த மழையையும் நாள்தோறும் ஒரே ஏட்டில் குறித்து வருவது நலம். பத்தில் மூன்று என்று சொல்லிய நாட்களில் உண்மையில் பத்துக்கு மூன்று நாள் பெய்ததா என்பதை ஓரிரு பருவங்களில் ஊராரே கண்டுகொள்வர். அவ்வேட்டினால் வளரும் நம்பிக்கையே புயற்காலத்தில் பயிரையும் உயிரையும் காக்கும்.