எடைக்குப் போடறதுக்கு முன்னாடி லினக்ஸ் மின்ட்



வழக்கமா நாத்து, நடவு, களைன்னு எழுதற இடத்துல இன்னைக்குக் கம்ப்யூட்டர் சமாச்சாரம். காரணம் இருக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி போடணும்னா டிபிஎம் 2.0, கொஞ்சம் புது பிராசசர் எல்லாம் வேணும். நம்ம வீடுகளில் இருக்கிற பத்து வருஷத்துப் பழைய மெஷின் அதுல தேறாது. கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனா ரெண்டு பதில்தான். "புதுசு வாங்கிடுங்க", இல்லேன்னா "திருட்டு விண்டோஸ் போட்டுத் தர்றேன்".

குறுவைக்கு வாங்கின கடனே நிக்குது. இதுல புது லேப்டாப்புக்கு எங்க போறது? திருட்டு விண்டோஸ் போட்ட மெஷினில் பேங்க் கணக்கைத் திறக்கறது, கதவு இல்லாத வீட்டில் நெல்லைக் கொட்டி வைக்கிற மாதிரி.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு: லினக்ஸ் மின்ட். நான் வீட்டில் ரெண்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். கீழே இடது மூலையில் மெனு, அப்படியே விண்டோஸ் ஜாடை. 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதியா ஓடும். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் கூடவே வருது. பட்டா, சிட்டா, பள்ளிக்கூட விண்ணப்பம் எல்லாம் பிரவுசரில்தானே பார்க்கிறோம்? அதுக்கு விண்டோஸ் எதுக்கு? தமிழ்99 முறையில் தட்டச்சும் செய்யலாம்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், எதையும் அழிக்காமலே ருசி பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவில் ஏத்தி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பணும். கொஞ்சம் மெதுவா ஓடும். வைஃபை, சவுண்டு, பிரிண்டர் வேலை செய்யுதான்னு பார்த்துட்டு, பிடிக்கலேன்னா பிடுங்கிடுங்க. பழையது பழையபடி இருக்கும். பிடிச்சு உள்ளே நிறுவறதா இருந்தால் மட்டும், முதல்ல போட்டோ, டாக்குமெண்ட் எல்லாத்தையும் வேற இடத்தில் காப்பி எடுத்து வச்சுக்குங்க.

குறையும் சொல்லணும். டாலியில் கணக்கு எழுதறவங்களுக்கு இது சரிப்படாது. சில பிரிண்டர் மக்கர் பண்ணும். பழைய தமிழ் எழுத்துருவில் அடிச்ச ஃபைல், அந்த எழுத்துருவைப் போடற வரைக்கும் கோழி கிண்டின மாதிரிதான் தெரியும்.

"இலவசம்னா மட்டமாத்தான் இருக்கும்"னு சிலர் சொல்றாங்க. பின்லாந்தில் படிச்சுக்கிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஆரம்பிச்ச அதே லினக்ஸ்தான் உங்க சட்டைப் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கும் அடித்தளம்.

நமக்கு இது புதுசும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சப்பவே, விண்டோசோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. எங்க ஊர்ப் பக்கம் அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. மெஷினைக் கொடுத்தாங்க, சொல்லிக் கொடுக்க ஆள் கொடுக்கலை. டிராக்டரைக் கொடுத்து, ஓட்டக் கத்துக்கொடுக்காமல் விட்ட கதைதான்.

விவசாயிக்கு இதன் தத்துவத்தை விளக்கவே வேண்டாம். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். லினக்ஸின் உரிமமும் அந்த வழிதான்: எடுத்துக்கோ, மாத்திக்கோ, அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் சேர்த்துக் கொடு. வருஷா வருஷம் கம்பெனி விதைக்குக் கையேந்துகிற வலி தெரிஞ்ச நமக்கு, இதோட அருமை சட்டுன்னு புரியும்.

இப்போ வேண்டியது சொல்லித்தர ஆள். சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே இருக்கு. அங்கே படிக்கிற பிள்ளைகள் மாசத்துக்கு ஒரு ஞாயிறு, ஏதாவது ஒரு கிராம நூலகத்தில் உட்கார்ந்தால் போதும், பரணில் கிடக்கிற எத்தனையோ லேப்டாப் திரும்ப உயிர் பெறும். தானா கத்துக்கிறவங்களுக்கு 2012-லிருந்து வருகிற 'கணியம்' இதழ் தமிழிலேயே வழி காட்டுது.

அதனால, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு பென்டிரைவ் செலவு பண்ணிப் பாருங்க. புவனகிரி, சேத்தியாத்தோப்புப் பக்கம் இருக்கிறவங்க மெஷினோடு வீட்டுக்கே வாங்க. மோர் குடிச்சுக்கிட்டே போட்டுப் பார்த்துடலாம்.