பயிற்சி வானத்தின் கீழே வாழ்பவர் யார்?

போர் விமானம் ஓட்டக் கற்பிக்கும் தளத்தை எங்கே வைப்பது என்பது இந்நாட்டில் விமானப்படைக்கு மாத்திரம் உரிய கேள்வியாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. ஓடுபாதையின் நீளம், கடலின் அண்மை, வானிலை, எதிரியின் கைக்கு எட்டாத தூரம் என்பன அதன் அளவுகோல்கள். அவை வேண்டாதவை என்று நாம் வாதிடவில்லை. ஆயினும் அந்த வானத்தின் கீழே வயல் உழுகிறவனும், வலை வீசுகிறவனும், பள்ளிப் பிள்ளையும் அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார்கள்?

சீனக்குடாவின் வரலாற்றைப் பாருங்கள். பிரித்தானியர் அமைத்த அத்தளம் 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானியர் திருகோணமலைமீது நடத்திய குண்டுவீச்சைக் கண்டது. 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது. 1959இல் ஜெட் புறோவோஸ்ற் பயிற்சி விமானங்கள் நாட்டுக்கு வந்தன. 1971 கிளர்ச்சியை அடுத்துச் சோவியத் நாட்டின் மிக் விமானங்கள் வந்தன. 1976இல் சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கழகம் எழுந்தது. பின்னர் 1991இல் சீனத்து எப்-7, 1996இல் இஸ்ரேலின் கிபிர். இக்கடைசிச் சொல்லுக்கு வடக்கிலும் கிழக்கிலும் பொருள் கூற வேண்டியதில்லை. ஓர் இயந்திரத்தின் பெயர் எங்கள் குழந்தைகளின் வாயில் அச்சத்தின் பெயராகவே வழங்கிற்று. 1995இல் நவாலித் தேவாலயத்தின்மீது விழுந்த குண்டுகளை அறிந்த மக்களிடம், “இது வெறும் பயிற்சிதானே” என்று சொல்வது எளிது. அவர்கள் அதை நம்பி உறங்குவதுதான் அரிது.

தூரத்தில் வைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. உள்நாட்டில் இருந்த அநுராதபுரத் தளம் 2007 ஒக்ரோபர் 22இல் தாக்கப்பட்டபோது அங்கே அழிந்தவற்றுள் பயிற்சி விமானங்களும் இருந்தன.

பயிற்சித் தளத்தின் இயல்பே வேறு. போர்த்தளத்திலிருந்து எழும் விமானம் போய்விடும். பயிலும் மாணவனோ ஓடுபாதையைத் தொட்டவுடன் மறுபடி எழுந்து, அதே வட்டத்தைச் சுற்றி, மறுபடி வந்து தொடுவான்; கை பழகும் வரை இது நடக்கும். ஆகவே இரைச்சலும் ஆபத்தும் அதே சில கிராமங்களின்மீதே திரும்பத் திரும்ப விழும். 2023 ஓகஸ்ற் 7இல் சீனக்குடாவில் பயிற்சி விமானம் ஒன்று விழுந்து விமானப்படையினர் இருவர் மாண்டனர். 2025 மார்ச் 21இல் சீனக்குடாவில் எழுந்த கே-8 ஜெட் விமானம் குருநாகல் மாவட்டத்து வாரியப்பொலைப் பகுதியில் போய் வீழ்ந்தது; ஓட்டிகள் இருவரும் குடை விரித்துத் தப்பினர். தளத்தின் வேலி கடலோரத்தில் முடியலாம். பயிற்சியின் வானமோ தீவின் நடுவரை நீண்டு கிடக்கிறது.

மண்டூரிலிருந்து சீனக்குடாவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். மட்டக்களப்பிலும் ஓர் ஓடுபாதை உண்டு. 1958இல் பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்ட அவ்விமான நிலையத்தை 1983இல் விமானப்படை பொறுப்பேற்றது. குடிசார் சேவைக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2018இல். ஒரு தலைமுறைக் காலம் சென்றது! அங்கே ஜெட் பயிற்சி நடத்த யாரும் முன்மொழிந்ததாக நாம் கூறவில்லை. வாவியின் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் ஜெட் எந்திரத்துக்குப் பகை. மாரி மழையும் மாணவனுக்கு நண்பனன்று. எனினும் எடுத்துக்கொள்ளும்போது எங்களைக் கேட்கவில்லை என்ற பாடம் எங்கள் கண்முன் இருக்கிறது. குருமண்வெளித் துறையில் ஒரு பாலம் வேண்டுமென்று படுவான்கரை மக்கள் எத்தனை ஆண்டுகள் மனுக் கொடுத்தார்கள்! பாதை என்று நாம் வழங்கும் மிதவையில் நின்றபடியே ஒரு தலைமுறை நரைத்தது. பாலத்துக்கு மனுவின்மேல் மனு; போர் விமானத்துக்கோ கீழே வாழ்பவனின் ஒரு சொல்லும் வேண்டியதில்லை. வாய்கட்டிப் பூசை செய்யும் மண்டூர் முருகன் சந்நிதியின் மௌனமும் ஒரு செல்வம் என்பதை எந்த வரைபடம் குறிக்கும்?

பிற நாடுகளில் நடப்பதென்ன? அமெரிக்கா தன் எப்-35 விமானத்தை வாங்கும் அயல்நாடுகளின் ஓட்டிகளைப் பயிற்றுவிக்க ஆர்க்கன்சாஸ் மாநிலத்து போர்ட் சிமித் நகரத் தளத்தை 2023இல் இறுதியாகத் தெரிந்தது. மிச்சிகனில் இருந்த மாற்றுத் தளத்தோடு அதை ஒப்பிட்டு, இரைச்சல் எந்தெந்த வீடுகளின்மேல் கூடும் என்று கணக்கிட்டு, அறிக்கையை மக்கள்முன் வைத்து, அவர்கள் சொன்னதையும் பதிந்த பின்னரே முடிவு வந்தது. கேட்டதனால் இரைச்சல் குறைந்துவிடவில்லை, அது வேறு. எது வருகிறது என்றாவது அந்நகரத்தார் முன்கூட்டி அறிந்தனர். சிங்கப்பூரோ தன் சிறிய வானத்தை எண்ணி, தன் ஓட்டிகளை அவுஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்துக்கும் பிரான்சின் கசோ தளத்துக்கும் அனுப்பிற்று. செல்வம் கொழிக்கும் நாடே அப்படி எண்ணியிருக்க, 2022இல் கடன் கட்டமுடியாமல் கைவிரித்த நாம் எத்தனை ஜெட் ஓட்டிகளை இங்கேயே உருவாக்க வேண்டும் என்பதைப் பாராளுமன்றம் ஒரு நாளாவது ஆராயலாகாதா?

நாம் கேட்பது பெரிதன்று. பயிற்சி நடக்கும் வான்பரப்பின் வரைபடம் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களில் ஒட்டப்படட்டும். எந்நேரம் பறக்கும், எவ்வளவு தாழப் பறக்கும் என்பது அதில் எழுதப்படட்டும். தளம் மாற்றப்படுமுன், விரிக்கப்படுமுன், கிண்ணியாவாயினும் மூதூராயினும் மண்டூராயினும் அவ்வூரிலேயே கூட்டம் கூட்டி, அவ்வூர் மொழியிலேயே கேட்கட்டும். பரீட்சை நாட்களில் பள்ளிகளின் மேலே பறப்பதில்லை என்ற கட்டளையை அடுத்த தவணைக்கு முன்னரே பிறப்பிக்கலாம்; அதற்கு ஒரு சதமும் செலவில்லை.