பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்தின் தொலைவு அதனினும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மிகுதி. ஆயினும் இலங்கை உள்நாட்டுப் போர் ஓய்ந்து சாலை திறந்த பின்னரும், திருச்சிக்கு வர வேண்டிய யாழ்ப்பாணத்தார் தெற்கு நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் இரவுப் பேருந்தில் சென்று, விடியலில் கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கு விமானம் ஏறி மீண்டும் வடக்கே பறந்தனர். மருத்துவ அறிக்கைகளை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே இரவைக் கழித்த நோயாளருக்கு இரு கரைகளுக்கும் இடைப்பட்ட கடலின் அகலம் எத்துணை என்று எந்த வரைபடம் சொல்லும்?

இது இயற்கை வகுத்த தொலைவன்று. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதற்சேவையைத் தொடங்கியபோது, கொழும்பை அடுத்த இரத்மலானையில் புறப்பட்ட விமானம் யாழ்ப்பாணம் வழியாகவே சென்னையை அடைந்தது. 1970களின் பிற்பகுதியில் அவ்வழி அடைபட்டது. பின்னர் போர் வந்தது, பலாலி படைத்தளமாயிற்று. 2019 அக்டோபரில் அது பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கிற்று. நான்கு மாதங்களில் கொள்ளைநோய் அதனை நிறுத்தியது. மீண்டும் விமானம் வந்தது 2022 டிசம்பரில். திருச்சிக்கு நேர்ச்சேவை கிடைக்க 2025 மார்ச் 30 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வழியில் பறக்கும் ஏடிஆர் 72 சுழல்விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்ல வல்லது. கணக்குப்படி அரைமணி நேரமும் வேண்டா. ஓடுபாதை வரை ஊர்தல், ஏறுதல், இறங்குதல் யாவும் சேர்ந்து பயணம் ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. அதற்கும் மேலாக, பன்னாட்டுப் பயணி என்பதால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து, சுங்கத்திற்கும் குடிவரவுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். பறக்கும் பொழுதினும் காத்திருக்கும் பொழுது நீண்டதாக உள்ள ஒரு வழியில், விரைவான விமானத்தால் விளையும் பயன் சிறிதே.

ஆகவே, பலாலியின் ஓடுபாதையை நீட்டிப் பெருவிமானங்களை வரவழைப்பதே தீர்வு என்போருடன் நாம் உடன்படவில்லை. அந்நிலையத்தைச் சூழ்ந்த நிலங்கள் 1990இல் பலாலியை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உரியவை. அவற்றுள் ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்கு மீளவில்லை. கிணறும் கோயிலும் வேலிக்கு அப்பால் கிடக்க, வாடகை வீட்டில் முதுமையடைந்தோர் பலர். விமானப் பயணம் எளிதாவதன் விலையை அவர்களிடமே மீண்டும் கேட்பது அறமன்று. 180 கிலோமீட்டருக்கு இன்றுள்ள ஓடுபாதையே போதும்.

இன்றைய தேவை நிலைத்த சேவையே. தொடங்குதலும் நிறுத்துதலுமாக நடக்கும் வழியை நம்பி ஒருவர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க முடியாது. திருமணத்திற்கு உறவினரை அழைக்கவும் முடியாது. பயணிகள் குறையும் பருவத்திலும் சேவை அறுபடாதவாறு, சில ஆண்டுகளுக்கேனும் நிறுவனங்களின் இழப்பை ஈடுசெய்ய இந்திய, இலங்கை அரசுகள் உடன்பாடு காண வேண்டும். பலாலியில் குடிவரவு அலுவலரைக் கூட்டிக் காத்திருப்பைக் குறைத்தல் வேண்டும். பலாலி நிலங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் பணியைக் கொழும்பு இனியும் ஒத்திப்போடலாகாது.