ஏடும் மேகமும்

பழந்தமிழ் நூல்கள் பலவற்றை நாம் இழந்துவிட்டோம். கறையான் அரித்தவை சில. நெருப்புக்கு இரையானவை சில. வெள்ளத்தில் போனவை சில. இவ்விடர்களுக்குத் தப்பிய நூல்கள் எவ்வாறு பிழைத்தன? ஓரூரில் ஏடு அழிந்தபோதும் மற்றோரூரில் அதன் படி இருந்தமையால் அவற்றுள் பல பிழைத்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று சுவடிகளைத் தேடி, கிடைத்த படிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த வரலாற்றை நாம் அறிவோம். அரிய பொருளை ஓரிடத்தில் மட்டும் வைத்தல் ஆகாது என்பதே அச்சுவடிகள் உணர்த்தும் உண்மை. இவ்வுண்மையை இக்காலத்து அரசுகளும் மறவாது போற்றுதல் வேண்டும்.

அன்று ஏடு இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கிறது. பிறப்பும் இறப்பும், நிலவுரிமையும், நோயாளியின் மருந்துக் குறிப்பும் அதில் பதிவாகின்றன. ஆயினும் அலுவலகத்தில் உள்ள கணினி அவ்வலுவலகம் மூழ்கினால் மூழ்கும், எரிந்தால் எரியும். இக்குறையை நீக்க வல்லது மேகக் கணிமை. வீட்டுக்கொரு மின்னாக்கி வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பொதுக் கம்பியிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் பெறுகிறோம் அல்லவா? அதுபோலத் தொலைவிலுள்ள பெருங்கணினிகளின் ஆற்றலையும் இடத்தையும் இணையத்தின் வழியாக வேண்டும்போது வேண்டிய அளவு பெறுவதே மேகக் கணிமையாகும். ஒரே பதிவின் படிகளைப் பல ஊர்களில் வைக்கவும் இதனால் இயலும்.

2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்குக் கடலில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. அதனால் எழுந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிச் சென்றது. மினமிசன்ரிக்கு, ஒனகவா, ரிக்குசென்தகதா, ஒட்சுச்சி என்னும் நான்கு ஊர்களில் குடும்பப் பதிவேடுகளும் அழிந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு, உறவுமுறை ஆகிய அனைத்திற்கும் அந்நாட்டில் அப்பதிவேடே சான்று. அஃது இல்லையேல், தந்தையை அலைக்குப் பறிகொடுத்த மகன் தான் இன்னார் மகன் என்று மெய்ப்பிப்பதும் அரிதாகிவிடும். நற்பேறாக, சட்டப்படி ஆண்டுக்கொருமுறை எடுக்கப்பட்ட படி நீதி அமைச்சகத்தின் அலுவலகங்களில் இருந்தது. அதனைக் கொண்டு ஏப்பிரல் மாதத்திற்குள் பதிவேடுகள் மீண்டும் ஆக்கப்பெற்றன. ஆயினும் கடைசிப் படிக்குப் பின் நிகழ்ந்த பிறப்பும் மணமும் அதில் விடுபட்டிருக்கும் அன்றோ? ஆதலால், தொலைவிலுள்ள மையங்களுக்கு மின்வழியே நாள்தோறும் படி அனுப்பும் முறையை 2013 முதல் ஜப்பான் மேற்கொண்டது.

இடர் வந்த நாள்களிலும் மேகக் கணிமை துணைநின்றது. 2010ஆம் ஆண்டு ஹைட்டி நிலநடுக்கத்தின்போது கூகுள் நிறுவனம் தொடங்கிய ஆள் தேடும் பணி ஜப்பானுக்கும் உதவியது. தங்குமிடங்களில் கையால் எழுதி ஒட்டிய பெயர்ப் பட்டியல்களை மக்கள் படம் பிடித்து அனுப்பினர். முன்பின் அறியாத தொண்டர்கள் அப்பெயர்களைப் படித்துப் பதிந்தனர். இவ்வாறு 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. உற்றாரைத் தேடி எண்ணற்றோர் ஒரே வேளையில் வினவும்போது சிற்றூர்க் கணினி ஒன்று அச்சுமையைத் தாங்குமோ? தேவை பெருகும்போது ஆற்றலையும் பெருக்கிக்கொள்ள வல்ல மேகக் கணிமையே தாங்கும்.

எனினும், பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. இம்மேகம் வானில் உலவுவதன்று. மண்ணில் கட்டிய கட்டடங்களில் உள்ளது. தென் கொரியாவின் தேசான் நகரிலிருந்த அரசுத் தரவு மையத்தில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் லித்தியம் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. நூற்றுக்கணக்கான அரசுப் பணிகள் நின்றன. அரசு அலுவலர் தம் கோப்புகளைச் சேமித்த மேகக் களஞ்சியம் ஒன்றில் இருந்த 858 டெராபைட்டு அளவுள்ள செய்திகள் அழிந்தன. அவற்றிற்கு வேறிடத்தில் படி இல்லை. களஞ்சியம் மிகப் பெரிதாதலின் படி எடுக்க இயலவில்லை என்று காரணம் கூறப்பட்டது. பெரிது என்பதே படி எடுப்பதற்குரிய காரணம் அன்றோ? நான்கு கடலோர ஊர்களைக் காத்த எளிய முறை, கணினித் துறையில் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டில் கைவிடப்பட்டது வருந்தத்தக்கது.

படிகளுக்குச் செலவு மிகும் என்பர் சிலர். இழந்ததை மீட்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிதே. மீட்கவே இயலாதவற்றுக்கோ விலையே இல்லை. மக்களின் செய்திகள் தொலைவிடம் சென்றால் பிறர் கைப்படும் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று, ஆதலின் உரியவரன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு மறைமொழியாக்கி வைத்தல் வேண்டும். புயலில் கம்பிகள் அறுந்து இணையம் நின்றுவிட்டால் மேகம் எட்டாது. அந்நேரத்திற்கென வானொலியும் தாளில் எழுதிய பட்டியலும் ஊர்தோறும் இருத்தல் வேண்டும். புதியது வந்ததென்று பழையதை எறிந்துவிடுதல் அறிவுடைமையாகாது.

இடர் வந்தபின் படி எடுக்க இயலாது. அமைதியான நாள்களிலேயே அதனைச் செய்தல் வேண்டும். செய்ததோடு அமையாது, அப்படியிலிருந்து பதிவுகளை மீட்க இயல்கிறதா என்று அடிக்கடி சோதித்தலும் வேண்டும். மாணவர்களே, நாளை இப்பணிகளை ஏற்கவிருப்பவர் நீங்களே. ஓர் ஏட்டைக் காக்கப் பல ஊர்களில் படி வைத்த முன்னோரின் அறிவை, புதிய கருவிகள் கைக்கு வந்தபின்னும் மறவாதிருங்கள்.