திறக்க மெஷின்... திருத்த யார்?

உங்கள் வீட்டில் யாராவது பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். சேர்ந்த அன்று காலையில் எச்.ஆர். ஆசாமி கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தட்டுவார். அவ்வளவுதான். இமெயில், லாகின், பாஸ்வேர்டு, கேட் பாஸ், சம்பளக் கணக்கு எல்லாம் மழை பெய்த மறுநாள் காளான் மாதிரி வரிசையாக முளைத்துவிடும். முன்பு இதற்கெல்லாம் ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்கு மனுப் போட்டு நாலு நாள் காத்துக்கிடக்க வேண்டும். இப்போது 'சர்வீஸ் டெஸ்க்' மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட மென்பொருளை உலகத்துக்கே விற்கிற ஸோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் சென்னையில் வளர்ந்தவை. சந்தோஷம்தான்.

என் சண்டை வேறு. திறக்கிற வேலையை மெஷினிடம் கொடுத்த புத்திசாலிகள், திருத்துகிற வேலையையும் மூடுகிற வேலையையும் யார் தலையில் கட்டியிருக்கிறார்கள்?

ஐ.டி. கம்பெனியை விடுங்கள். எங்கள் குமரி மாவட்டத்துக்கு வாருங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ஊருக்கு ஊர் 'அண்டி ஆபீஸ்' இருக்கும். முந்திரி ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். உடைப்பதும் தோலுரிப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஓர் ஆலையை மூடினால் அடுத்த ஆலைக்குப் போவார்கள். போகிற இடத்திலெல்லாம் பி.எஃப். பிடிப்பார்கள்.

2014-ல் பி.எஃப். நிறுவனம், 'ஒரு தொழிலாளிக்கு ஆயுசுக்கும் ஒரே எண்' என்று யு.ஏ.என். கொண்டுவந்தது. நல்ல திட்டம். கம்பெனி பட்டியலை ஏற்றியதும், கம்ப்யூட்டர் எண்ணைப் போட்டுத் தந்துவிட்டது. ஆனால், பட்டியலில் பெயர் எப்படி இருந்தது?

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூடச் சான்றிதழில் 'தங்கம்'. ஞானஸ்நானப் பதிவேட்டில் 'மரிய தங்கம்'. ஆதாரில், கல்யாணத்துக்குப் பிறகு வந்த கணவர் இனிஷியலோடு 'தங்கம்மாள்'. ஊருக்குள் மூன்றும் ஒரே ஆள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இனிஷியலை வைத்தே மூன்று தலைமுறை ஓட்டிய ஊர் ஆயிற்றே! கிளார்க் ஏதோ ஒன்றை நிரப்புவார். பழைய ஆலையில் ஓர் எண், புது ஆலையில் இன்னோர் எண் என்று தங்கத்துக்கு ரெண்டு ஜாதகம் எழுதியாகிவிட்டது.

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். 1995-ம் வருஷத்து பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷன் வாங்க 10 வருஷ சர்வீஸ் வேண்டும். தங்கம் முதல் ஆலையில் 6 வருஷம், அடுத்ததில் 5 வருஷம். கூட்டினால் 11. ஆனால், ரெண்டு எண்ணையும் இணைக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் கண்ணுக்கு ஒரு 6, ஒரு 5. பத்தைத் தொடவில்லை, பென்ஷன் இல்லை. குறைந்தபட்ச பென்ஷனே மாதம் 1,000 ரூபாய்தான். அந்த ஆயிரமும் ஓர் எழுத்துப் பிழையில் தொங்குகிறது.

சரி, திருத்திக்கொள்ளலாமே? 2025 ஜனவரியில் விதியைத் தளர்த்தினார்கள். 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு சேர்த்து எண் வாங்கியவர்கள் தாங்களே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய எண் என்றால் முதலாளியும் ஒப்புதல் தர வேண்டும். ஆலையே இழுத்து மூடிக் கிடந்தால்? முதலாளியைத் தேடு, அத்தாட்சி தேடு, நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறு. ஒருநாள் கூலி போச்சு. 2025-ல் 'உமங்' செயலியில் முகத்தைக் காட்டி எண் உருவாக்குகிற முறையும் வந்தது. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு அது வசதிதான். ஆனால், அது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு. ஏற்கெனவே முளைத்த களையைப் பிடுங்குவது யார்?

தொழிலாளிக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். 2017-ல் ஏர்டெல் சிம்முக்கு ஆதார் சரிபார்க்கப் போனவர்களில் லட்சக்கணக்கானோர் பெயரில், அவர்களுக்கே தெரியாமல் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறக்கப்பட்டதாகப் புகார் கிளம்பியது. கேஸ் மானியம் அந்தக் கணக்கில் போய் விழுந்தது. ஆதார் ஆணையம் அந்த டிசம்பரில் ஏர்டெல்லின் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 'மானியம் வரலியே' என்று பேங்க் வாசலில் நின்றவர்களின் அலைச்சலுக்கு யார் அபராதம் கட்டினார்கள்?

மூடாமல் விட்ட கணக்கின் கதை இன்னும் மோசம். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்கிற எண்ணெய்க் குழாய் கம்பெனிக்குள் திருடர்கள் புகுந்தார்கள். எந்த வழியாக? யாரும் பயன்படுத்தாத, ஆனால் மூடாமல் கிடந்த ஒரு பழைய லாகின் வழியாக. குழாய் பல நாள் நின்றது. பெட்ரோல் பங்க்குகளில் கியூ. கம்பெனி பணயத்தொகையாகக் கொடுத்தது சுமார் 44 லட்சம் டாலர்.

'மனுஷன் எழுதினாலும் தப்பு வருமே சார்' என்பீர்கள். வரும். ஆனால், கிளார்க் தப்பாக எழுதினால் அவர் மேஜை முன்னால் போய் நின்று, 'சாரே, இது என் பேரு இல்லை' என்று சொல்லலாம். மெஷினுக்கு மேஜை கிடையாது. போதாக்குறைக்கு, ஒரு தப்பை ஒரே ராத்திரியில் ஆயிரம் பேருக்குப் பரிமாறிவிடும்.

பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்குப் 'பிழை திருத்தப் பதிவு' என்று ஒரு பாடம் உண்டு. பேரேட்டில் தப்பு வரும் என்பதை ஒப்புக்கொண்டு, அதைத் திருத்த வழியும் வைத்திருந்தார்கள் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள். கோடிக்கணக்கில் செலவழித்து மென்பொருள் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு பாடம் ஏன் மறந்துபோனது?

மறக்கவில்லை. திறக்கிற வேகத்தில் அவர்களுக்கு லாபம் இருக்கிறது. திருத்துகிற வேகத்தில் லாபம் நமக்கு மட்டும்தான்.

ஆகவே, மூன்றே மூன்று கேட்போம். என் பெயரில் கணக்கு திறப்பதற்கு முன்னால் எனக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். திறக்க எத்தனை நிமிஷமோ, திருத்தவும் அத்தனை நிமிஷம்தான் ஆக வேண்டும். வேலையை விட்ட அன்றைக்கே பழைய லாகினை மூடுங்கள். இதையும் மெஷினிடமே கொடுங்கள், ஆட்சேபம் இல்லை.

அதுவரைக்கும் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பி.எஃப். பாஸ்புக்கையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் திங்கட்கிழமையே கிளம்புங்கள்... உங்கள் கம்பெனி திறந்திருக்கும்போதே!