கயிறு கட்ட நாலு மூலை

போன வாரம் சங்கத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். காபியை ஆறவைத்துக்கொண்டே செல்போனில் ஒரு பிளெக்ஸ் டிசைனைக் காட்டினார். சிரிக்கும் குழந்தை, கொசுவுக்குச் சிவப்புக் குறுக்குக்கோடு, கீழே இருபத்தி மூன்று நிர்வாகிகளின் படம்.

"இந்த வருஷம் நோட்டுப் புத்தகம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோமுங்க. கொசுவலைதான். ஐந்நூறு வலை. நம்ம அருள்புரம் லைன் வீடுகளுக்கு. மலேரியா வராம இருக்கும் பாருங்க. நீங்க ஒரு அம்பது வலைக்குச் சொல்லீருங்க."

"கொடுக்கலாமுங்க. எங்க கட்டுவாங்க?"

"வலையக் குடுத்தாக் கட்டிக்க மாட்டாங்களா? இதென்னங்கண்ணா கேள்வி."

அவரைக் குறை சொல்ல முடியாது. திருப்பூர்-பல்லடம் ரோட்டில் தினமும் போய் வருகிறவர். ஆனால் ரோட்டுக்குப் பின்னால் பனியன் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீட்டுக்குள் அவரும் போனதில்லை, இருபது வருஷம் பனியன் கம்பெனியில் கணக்கெழுதிய நானும் எட்டிப் பார்த்ததோடு சரி. அன்று ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டு பேரும் போனோம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்து சேரும் நேரம் அதுதான்.

பத்துக்குப் பத்து அறை. மேலே சிமெண்ட் அட்டை, பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி இறக்கிக்கொண்டிருந்தது. ஆறு பேர் தங்குகிறார்கள். மூன்று பேருக்குப் பகல் வேலை, மூன்று பேருக்கு நிட்டிங்கில் ராத்திரி வேலை. ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுக்கிறார். மூலையில் கேஸ் அடுப்பு, நடுவில் ஒற்றை ஃபேன், குறுக்கே துணிக்கொடி. இருவர் படுக்கும் வலை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினாலே அடுப்புக்குப் போக வழியிருக்காது. கட்டுவதற்கும் எதுவுமில்லை. ஹாலோபிளாக் சுவர், ஆணி அடித்தால் பொலபொலவென்று கொட்டும். கட்டிவிட்டாலும் ஃபேன் காற்றில் பாதி வலையோடு நின்றுவிடும். ஏப்ரல் மாதத்து அட்டை வீட்டில் அந்தப் பாதிக் காற்று எவ்வளவு பெரியது என்பதைப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த அறையில் ஒடிசாவிலிருந்து வந்த ராயகடாக்காரப் பையன் ஒருவன். மூன்று வருஷத்தில் தமிழைப் பிடித்துக்கொண்டான், நம்மூர் 'ங்க'வோடு. கொசுவலை என்றதும் சிரித்தான். "ஊர்ல இருக்குங்கண்ணா. சர்க்கார் குடுத்தது. அம்மா அதுக்குள்ளதான் தூங்கும். பழைய வலை கோழிக் கூண்டுக்குப் போட்டாச்சு."

நண்பருக்கு முகம் லேசாக மாறியது. தானம் வாங்கப் போகிறவன் நம்மைவிட முந்திக்கொண்டால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

பையன் சொன்னதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. இந்தியாவிலேயே மலேரியா அதிகம் வாட்டிய மாநிலம் ஒடிசா. ராயகடா, கோராபுட், மல்கான்கிரி, கந்தமால் போன்ற மலை மாவட்டங்களில் அது காய்ச்சலாகக்கூட எண்ணப்படாமல் மழைக்காலத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 2016-ல் அந்த மாநிலத்தில் பதிவான மலேரியா 4.4 லட்சத்தைத் தாண்டியது. அதை ஒட்டி இரண்டு காரியங்கள் நடந்தன. 2017-ல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருந்து வலைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். கூடவே 'தமன்' என்று சுருக்கிச் சொல்லப்படும் திட்டத்தில், எளிதில் எட்ட முடியாத ஊர்களுக்கு முகாம் கொண்டுபோய், காய்ச்சல் இருக்கிறவர் இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமி இருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். 2018-ல் எண்ணிக்கை 66 ஆயிரம் சொச்சத்துக்கு இறங்கியது. வலை மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். வலையும் மாத்திரையும் ஊர் ஊராகப் போன ஆஷா சுகாதார ஊழியர்களின் நடையும் சேர்ந்த வேலை.

இங்கே கட்ட இடமில்லை, ஊரில் வலை இருக்கிறது. அப்படியானால் அருள்புரத்துக்கு வலையே வேண்டாமா? நண்பர் திரும்பி வரும்போது அதைத்தான் கேட்டார். நானும் வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

நம்மூர் ராத்திரியில் காதோரம் ரீங்காரமிடுவதில் பெரும்பங்கு சாக்கடைக் கொசு. அது தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய ஜாதி, ஆனால் மலேரியா கொடுக்காது. டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது. ராத்திரி வலைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. மலேரியாவுக்கு அனாபிலிஸ் வேண்டும். உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காருமே, அது. அதில் ஸ்டீபன்சை என்ற வகை நகரத்துக்கென்றே பிறந்தது. சாக்கடையைத் தொடாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும் அதற்கு. மூடியில்லாத மேல்தொட்டி, கிணறு, கட்டட வேலைக்குத் தேக்கிய தண்ணீர். தெற்காசியாவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் இருந்த இந்தக் கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆப்பிரிக்க நகரங்களுக்குள்ளேயே மலேரியா பெருகுமோ என்று இப்போது கவலைப்படுகிறார்கள்.

கிருமிக்கு டிக்கெட் வேண்டாம், ஆளோடு வந்துவிடும். ஆலப்புழையிலிருந்து தன்பாத் போகும் ரயில் திருப்பூர், ராயகடா இரண்டிலும் நிற்கிறது. ஊர்த் திருவிழாவுக்குப் போனவன் அங்கே கடிபட்டுத் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் சத்தமில்லாமல் படுத்திருந்து, பல மாதம் கழித்து எழுந்து வரும். இங்கே செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று குளிர் நடுக்கம். அந்தக் காலத்தில் முறைக்காய்ச்சல் என்பார்கள், விட்டு விட்டு வருவதால். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று அவன் மெடிக்கல் கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொள்வான். அந்தச் சமயம் மேல்தொட்டியிலிருந்து வந்த ஓர் அனாபிலிஸ் அவனைக் கடித்தால், சுமார் பத்திலிருந்து பதினைந்து நாளில் அது பக்கத்து அறைக்குக் கிருமியைக் கொண்டுபோகத் தயார்.

அருள்புரத்தில் வலை யாருக்கு முதலில் வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் தெளிந்தது. காய்ச்சல்காரனுக்கு. அவனை வலைக்குள் படுக்கவைத்தால் காப்பாற்றப்படுவது அவனல்ல, மற்ற ஐந்து பேர். ஒரு லைனுக்கு நாலைந்து வலை இருந்தால் போதும். காய்ச்சல் வந்தவுடன் அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்ய ஓர் ஆள் வேண்டும். மீதிப் பணத்துக்குத் தொட்டி மூடி வாங்கலாம். தொட்டி மூடிக்கு பிளெக்ஸ் அடித்தால் நன்றாக இருக்காது என்பது நண்பரின் கவலை, அதுவும் நியாயம்தான்.

வலையைப் பற்றி விசாரிக்கப் போனதில் நமக்குப் பெருமையான ஒரு விஷயம் அகப்பட்டது. கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண வலைக்கும் ஒடிசாவில் கொடுத்த மருந்து வலைக்கும் வித்தியாசம் உண்டு. சாதாரண வலையில் தூக்கத்தில் கை ஒட்டிக்கொண்டால் கொசு வெளியிலிருந்தே கடித்துவிட்டுப் போகும். மருந்து வலையில் உட்கார்ந்த கொசு செத்துவிழும். அந்த மருந்து வலைகளை உலகத்துக்கு அனுப்புகிற ஊர்களில் ஒன்று கரூர். வெள்ளக்கோவில் வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரம். பெட்ஷீட்டுக்கும் பஸ் பாடிக்கும் பேர் வாங்கிய அதே கரூர்தான். அங்கே ஷோபிகா இம்பெக்ஸ் தயாரிக்கும் டியூராநெட், வி.கே.ஏ. பாலிமர்ஸ் தயாரிக்கும் மேக்நெட் இரண்டும் உலக சுகாதார நிறுவனம் தர அனுமதி கொடுத்த பட்டியலில் இருக்கின்றன. ஆல்பா சைபர்மெத்ரின் என்ற மருந்தை பாலி எத்திலீன் நூலுக்குள்ளேயே கலந்துவிடுகிறார்கள். உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வந்துகொண்டே இருக்கும். இருபது தடவை துவைத்தாலும், மூன்று வருஷம் ஆனாலும் வேலை செய்ய வேண்டும் என்பது கணக்கு. நம்மூர் வட்ட நிட்டிங் அங்கே கிடையாது, வார்ப் நிட்டிங். ஒரு கண்ணி அறுந்தால் நம் பனியன் மாதிரி கரகரவென்று ஓடாது.

2023-ல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூற்றில் 95 பேர் ஆப்பிரிக்கர்கள், அவர்களில் முக்கால்வாசி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஒரு வலையின் விலை சுமார் இரண்டு டாலர், நம் பணத்தில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடக்கூடக் காணாது. 2000-த்திலிருந்து 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியாவில் 68 சதவீதம் வலையால் தடுக்கப்பட்டது என்று 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கணக்குப் போட்டது. மலேரியா ஊரில் கொடுக்கும் வலைக்கு என் ஐம்பது வலைக் காசை யோசிக்காமல் எழுதிக் கொடுப்பேன்.

சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், பேருக்குப் பத்து ரூபாயாவது வாங்க வேண்டும் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னாராம். எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் இருந்தது. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபாஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கென்யாவில் கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2010-ல் எழுதினார்கள். இலவசமாக இருந்த வலைக்கு 60 சென்ட் விலை வைத்ததும், வாங்குகிறவர்கள் நூற்றுக்கு 60 பேர் குறைந்துபோனார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் ஓசியில் வாங்கியவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தியதாகவும் தெரியவில்லை. கொடுத்த வலை பயன்படுகிறதா என்று போய்ப் பார்க்கிறவர்களும் உண்டு. லண்டனில் 'எகென்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு இருக்கிறது. நீச்சலடித்து நன்கொடை திரட்டுவதில் தொடங்கியது. வலை கொடுத்ததோடு அவர்கள் விடுவதில்லை. சில மாதம் கழித்துத் திரும்ப வீடு வீடாக ஆளனுப்பி, வலை தொங்குகிறதா, எத்தனை ஓட்டை என்று பார்க்க வைக்கிறார்கள். நம்மூரில் கொடுத்த தையல் மெஷின், மூன்று சக்கர வண்டி எதையாவது இரண்டாம் முறை போய்ப் பார்த்திருக்கிறோமா? நான் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் கூப்பிட்டார். ஐந்நூறு வலையை நூறாகக் குறைத்துக்கொண்டார்களாம். ஒவ்வொரு லைனிலும் மூத்தவர் ஒருவரிடம் ஐந்து. ஊருக்குப் போகிறவர்கள் கேட்டால் வீட்டுக்கும் ஒன்று கொடுத்துவிடுவதாம். ராயகடாப் பையன் தங்கைக்கென்று ஒன்று சொல்லி வைத்திருக்கிறான். கல்யாணமாகித் தனி வீடு போனவளாம், சர்க்கார் கொடுத்தபோது கணக்கில் அவள் அம்மா வீட்டில் இருந்திருக்கிறாள். தொட்டி மூடிக்குப் பொருளாளர் சம்மதித்துவிட்டார். பிளெக்ஸ் மட்டும் ஐந்நூறு என்று ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

கொக்கி மாட்டுவதுதான் இன்னும் முடியவில்லை. டிரில் மெஷினும் ஆளும் ரெடி. லைன் வீட்டு ஓனர், சுவரில் ஓட்டை போடக் கூடாது என்கிறார். ஹாலோபிளாக் சுவர்தானே, ஒரு அறைக்கு நாலு ஓட்டை, நாங்களே பூசிக் கொடுக்கிறோம் என்றாலும் கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பாராம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.